நாற்பத்தோராம் பக்கத்துத் துறைமுகம்

லோதி சாலையில் ஜனவரி.
பயிலரங்க அறையில் இரண்டு ஹீட்டர்,
ஒன்று வேலை செய்யும்.
அதன் பக்கத்து நாற்காலியைத்
தண்டிவே அம்மையாருக்கு நகர்த்திவிட்டு
வரைவுச் சட்டத்தைப் பிரித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அவர் நாட்டைப் பார்த்தேயிராத
ஆலோசனை நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்தது.
நாற்புறமும் நிலம் சூழ்ந்த நாடு;
நாற்பத்தோராம் பக்கமோ
போலிச் சரக்கைத் துறைமுகத்திலேயே மடக்க
அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கிறது.

சிரித்தார்.
சால்வை நழுவும் அளவுக்குச் சிரித்தார்.
பிறகு கேட்டார்:
"இதை முதலில் வாங்கிய தீவுக்காரர்களாவது
படித்துப் பார்த்திருப்பார்களா?"

என் தொழில் சின்னது.
ஒப்பந்தம் என்று ஒரு சட்டை வரும்.
எந்த உடம்புக்கு எங்கே பிடிக்கிறது,
உள்தையலில் எவ்வளவு துணி மடித்துக் கிடக்கிறது
என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.
பிரித்துவிட இடமிருப்பதைத்
தைத்தவர் சொல்ல மாட்டார்.

மருந்துக் காப்புரிமைக்கு
அவர்களுக்கு இன்னும் ஆண்டுக்கணக்கில் தவணை உண்டு.
வரைவோ நாளைக்கே தொடங்கு என்கிறது.
"யார் கேட்டது?"
"கேட்கும் முன்பே கொடுப்பது
நல்ல பிள்ளைக்கு அழகு என்று
எங்கள் அமைச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள்."

அப்புறம் ஒரு விகுதிக்கு மூன்று மணி நேரம்.
நோய் பரவும் காலத்தில் கட்டாய உரிமம்
வழங்கலாமா, வழங்க வேண்டுமா?
ஆங்கிலத்தில் எழுதித்
தமிழில் கூட்டிப் பார்ப்பவன் நான்.
லாம்.
வரலாம் என்று சொல்லிப்போன விருந்தாளிக்கு
யாரும் உலை வைப்பதில்லை.
யார் வழங்குவது, எத்தனை நாளில்,
வழங்காவிட்டால் யார் வாசலில் போய் நிற்பது?
"முப்பது நாளுக்குள்" என்று சேர்த்தோம்.
வணிகத் துறையிலிருந்து வந்த பிராஞ்சல் கொட்டாவி விட்டான்.
சமோசா ஆறிப்போயிருந்தது.

விதைப் பிரிவில் அவர் பேனாவை மூடி வைத்தார்.
"என் தம்பி
பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு கிண்ணம் மக்காச்சோளம் கொடுத்து
ஒரு கிண்ணம் கடலை வாங்கி விதைக்கிறான்.
இதன்படி அவன் யார்?"
குற்றவாளி என்று சொல்ல வாய் வரவில்லை.
"மீறுநர்" என்றேன்.
"உத்தியோகப் பெயர் மாதிரி இருக்கிறதே.
சம்பளம் உண்டா?"

அன்று மாலை யூசுப் சராய்.
பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம்
மருந்துக் கடைகள் தோளோடு தோள்.
கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
பதினேழு மருந்து, பதினேழு கையெழுத்து:
அலுவலகத்துக் காவலர், தேவாலயத்துப் பாடகர்,
ஓட்டுநரின் மனைவி,
பெயரெழுதாமல் மாத்திரையை மட்டும் எழுதிய ஒருவர்.
கடைக்காரர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
மனசுக்குள் தன் நாட்டுப் பணத்துக்கு மாற்றி
மறுபடி மாற்றி
"ஒரு பூச்சியம் குறைகிறது" என்றார்.
நானும் எண்ணினேன்.
குறையவில்லை.

விமான நிலையத்தில்
பெட்டி ஒரு கிலோ கூடுதல்.
தரையில் குந்தித் திறந்தார்.
மாத்திரை அட்டைகளைத் தடவிப் பார்த்தார், ஒன்றையும் எடுக்கவில்லை.
வரைவுச் சட்டத்தை உருவி என் கையில் கொடுத்தார்.
"இது மின்னஞ்சலில் வந்துவிடும்."

செப்டம்பரில் செய்தி வந்தது.
சட்டம் நிறைவேறிவிட்டது.
தவணை பிழைத்தது.
முப்பது நாள் அறுபது ஆகியிருக்கிறது.
விதை, "பின்னர் பரிசீலிக்கப்படும்."
துறைமுகத்தை ஒன்பது இடத்தில் அடித்திருந்தோம்;
நான்காம் அட்டவணையின் அடிக்குறிப்பில்
ஒன்று தப்பியிருக்கிறது.
அரசிதழைப் படமெடுத்து அனுப்பிக்
கீழே எழுதியிருந்தார்:
"வாழ்த்துங்கள்.
இன்றிலிருந்து எங்களுக்குச் சட்டப்படி
ஒரு துறைமுகம் இருக்கிறது.
கப்பல் எப்போது வரும்?"

வரலாம் என்று எழுதி
அழித்தேன்.